முன்பக்கத்துப் பச்சை ஓட்டை

கரட்டுப்பட்டியில் ஒரு வாரம் பேச்செல்லாம் திரும்பி வந்தது. யாரோ எப்போதோ சொல்லி, கேட்க வேண்டியவர் காதில் வாங்காமல் விட்டு, அடுப்படியிலும் வாசலிலும் வேன் படியிலும் விழுந்து கிடந்த பேச்சு அத்தனையும், என் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் ஹெட்போன் சொருகுகிற பச்சை ஓட்டை வழியாகத் திரும்பி வந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்தது திங்கட்கிழமை, நான் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, அதற்குள் ஓட்டையைச் சரி பண்ண வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அன்றைக்கு என் கவலையும் இவ்வளவுதான்.

எங்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர், சில வீட்டில் மூன்று பேர், நூல் மில்லுக்குப் போகிற ஊர். மில்லுக்குள் மிஷின்கள் வரிசையாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்பதால், உள்ளே யாரும் தொண்டையைத் திறந்து பேசுவதில்லை. உதட்டை மட்டும் அசைப்போம், எதிரில் நிற்கிறவள் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வாள். பத்து மிஷின் தள்ளி நிற்கிறவளோடு நேற்று வைத்த குழம்பில் ஆரம்பித்து நாத்தனார் சண்டை வரைக்கும் பேசி முடித்துவிடலாம், ஒரு சொல்லுக்குக்கூடச் சத்தம் வராது. அதற்கு மில் பேச்சு என்று பேர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. நானும் எதிர்வீட்டு மாரக்காவும் அவரவர் வாசலில் நின்றபடி, இடுப்பில் என் மகளையும் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் உதட்டாலேயே ஊர்க்கதை பேசுவோம். வெளியூர்க்காரர் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். ஆனால் மில் பேச்சுக்கு முகம் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள், ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுவார், மிஷின் சத்தத்தில் காதும் பாதி மந்தமாகியிருக்கும். ஆக எங்கள் ஊரில் பேசுகிற பேச்சில் பாதி தரையில்தான் விழும்.

நானும் ஆறு வருஷம் மில்லுக்குப் போனவள்தான். விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஹாரன் அடிக்கும், தூங்குகிற பிள்ளையை, மத்தியான ஷிப்டுக்குப் போகிற மாரக்கா வீட்டில் கிடத்திவிட்டு ஓடி ஏறுவேன். திரும்பி வரும்போது தலை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். என் மகள் கனிஷ்காவுக்கு அப்போது இரண்டரை வயது. நான் வந்து உட்கார்ந்ததும் முதுகுப் பக்கமாக ஏறி நின்று என் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிவிடுவாள். அதுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற நேரம். பஞ்சு தீர்ந்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. விவசாயிகள் போனில் கேட்கிற கேள்விக்கு அதிகாரிகள் பதில் சொல்கிற ஆடியோவை அனுப்புவார்கள், அதைக் கேட்டுக் கேட்டு நான் தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் டைப்ரைட்டிங் படித்தது வீண் போகவில்லை. கம்பெனியில் என்னைப் பார்த்துக்கொள்கிற அபிநயா மேடம் முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார்: "காதுல விழுறதை அடிங்க, விழாததை அடிக்காதீங்க. இருமினாலும் அடிங்க." அதன்படியே, கத்தரிச் செடியில் தண்டுப்புழு என்று ஒரு விவசாயி அழுதால் அழுதார் என்றும் அடித்தேன். எட்டு மாதமாகத் தற்காலிகம். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு நாற்பது நிமிட ஆடியோவைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் மறுபடியும் வேன். வேன் டிரைவர் அப்போதும் என் வீட்டுக்கு முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

வேலை கிடைத்ததிலிருந்து நாள் பூராவும் பிள்ளையோடு வீட்டிலேயே இருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. மேஜை சுவரோரம், அதற்குக் கீழே சுவரை ஒட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடிப்பேன். கனி எனக்குப் பின்னால் பாயில் விளையாடுவாள். சில நேரம் எழுந்து வந்து என் சடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். நான் பாதி திரும்பி, சத்தம் போட்டால் காதில் ஓடுகிற வரி தப்பிவிடும் என்பதால் உதட்டை மட்டும் அசைத்து, 'இரும்மா, முடிச்சிட்டு வர்றேன்' என்பேன். அவள் போய் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு நல்ல பிள்ளை. ஒரே ஒரு குறை, மூன்று வயது நாலு மாதம் ஆகியும் அவள் பேசவில்லை. அப்பாவோடு நாலைந்து சொல், மாரக்காவோடு இரண்டு சொல், மற்றபடி சத்தமே கிடையாது. அங்கன்வாடி டீச்சர், "மாசம் ரெண்டு பாப்போம், அப்புறம் திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டு" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை. நாற்பது நிமிட ஆடியோவைத் திறந்து ஆறு நிமிடம் அடித்திருப்பேன். முதலில் இடது காது செத்தது. அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதிகாரியின் குரல் நின்று, அதே இடத்தில் என் வீட்டுக்காரர் வீரணன் குரல் கேட்டது.

"புள்ள, ரெண்டு நாளா முதுகு பிடிச்சிருக்கு. கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடுறியா?"

திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. வீரணன் பகல் ஷிப்டில் மில்லில் இருந்தார். மறுபடி மாட்டினேன். "நாகு, இந்தச் சேலை உனக்கு நல்லாருக்கு" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்த மனுஷன் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கடுத்து என் அம்மா, கேஸ் சிலிண்டர் போடுகிற கேஸ்காரர், அங்கன்வாடி டீச்சர் என்று வரிசையாக வந்தார்கள்; எல்லாமே எனக்குச் சொன்னது, ஒன்றுகூட நான் கேட்டது இல்லை. கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த ஓட்டையில் ஆடியோவுக்குப் பதிலாக நாம் கேட்காமல் விட்டது வருகிறது. சரி, சேலை சந்தோஷத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கோளாறைப் பார்ப்போம் என்று எழுந்தேன்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். ஹெட்போன் பின்னைக் கழற்றி முந்தானையில் துடைத்துச் சொருகினேன், பாதி சொருகிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன். ஹெட்போனைப் போனில் மாட்டினால் நன்றாகப் பாடியது, அப்படியானால் கோளாறு ஹெட்போனில் இல்லை. திரையின் ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் சத்தம் முழுசாகத்தான் இருந்தது, சத்தம் அணைந்ததைக் காட்டுகிற பெருக்கல் குறியும் இல்லை. மாரக்கா வீட்டுத் திருவிழா ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினால் உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. இந்த ஓட்டை காதுக்குத்தான் பேசும்போலிருக்கிறது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்ததில் ஒரு எறும்பும் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசியும் வந்தது, அதற்கப்புறம் குரல்கள் இன்னும் தெளிவாகக் கேட்டன. அபிநயா மேடத்துக்குப் போன் போட்டேன். "சவுண்ட் டிரைவர் சாப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க நாகஜோதி, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார், அதையும் செய்தேன். பெட்டி அணைந்து எழுந்து வந்து, "நாகு, கதவு திறந்து கெடக்கு, ஆடு உள்ள வருது பாரு" என்றது. போன வருஷம் ஆடு உள்ளே வந்து என் மிளகாய்ச் செடியைத் தின்ற நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் டேவிட் அண்ணன் ஒருவர்தான். மிக்ஸி, மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அவர் மச்சினன் கல்யாணத்துக்கு நத்தம் போயிருந்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துர்றேன் தங்கச்சி, அதுவரைக்கும் எதையும் புடுங்காத" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீரணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். நான் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழற்றி வைத்துவிட்டு, பரணிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரி பண்ணினார். அது ஒன்றரை வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவடி சொல்லியிருக்க?" என்றார் உள்ளேயிருந்து.

"நீங்களே கேட்டீங்கள்ல, எத்தனை?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் வெக்கமாப் போயிருச்சு."

நான் தைலத்தை எடுத்து வைத்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். தேய்த்துக்கொண்டே, "எந்தச் சேலைங்க?" என்று கேட்டேன். "பச்சைல மஞ்சக் கரை போட்டது" என்றார், தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு; ஆனால் இந்தத் தடவை எனக்கு நன்றாகக் கேட்டது.

மறுநாள் காலையில் மாரக்கா, ஸ்பீக்கரைத் திரும்ப வாங்கிப்போக வந்தவள், நான் சொல்லச் சொல்ல நம்பாமல் ஹெட்போனை வாங்கி மாட்டினாள். அவளுக்கும் அவள் நாத்தனார் செல்லத்தாயிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே வேனில் போய் வந்துகொண்டு, ஒருத்தி முன் சீட்டில் உட்கார்ந்தால் மற்றவள் கடைசிச் சீட்டுக்குப் போவாள். மாரக்கா கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"வேன்ல ஏறும்போதுடி. எனக்குப் பின்னாடி நின்னு சொல்லியிருக்கா. 'மதினி, நான் பேசுனது தப்பு, மனசுல வச்சுக்காதீங்க'ன்னு. சண்டை போட்ட மறுநாளே சொல்லியிருக்காடி. வேன் சத்தத்துல நான் பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டேன் போல." ஹெட்போனைக் கழற்றினாள். "மன்னிப்புக் கேக்க அவளுக்கு வாய் வரலன்னு ஒன்பது வருஷம் நாந்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

வீட்டுக்குப் போனாள், அடுப்பில் இருந்த கருவாட்டுக் குழம்பை அப்படியே சட்டியோடு துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். செல்லத்தாயி வாசலில் நின்று பேச வாய் எடுத்தால் சத்தம் வரவில்லை. சரி என்று உதட்டாலேயே சொன்னாள். செல்லத்தாயியும் உதட்டாலேயே பதில் சொன்னாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெருவில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் படித்தோம், ஆனால் படிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம், மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அதற்கப்புறம் என் வீட்டு வாசலில் செருப்பு குறையவே இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நேரே இங்கே வந்தார்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேனை நிறுத்திவைத்துவிட்டு வந்தார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மாரக்கா வைத்த சட்டத்தை யாரும் மீறவில்லை, யாரும் இது என்ன அதிசயம் என்று கேட்கவுமில்லை. தண்ணீர் லாரி வந்தால் எப்படிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்காருவோமோ அப்படி உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் கையில் முருங்கைக்காய், முட்டை, ஒரு சொம்பு மோர் என்று எதையாவது கொண்டுவந்தார்கள். டீக்கடைத் தங்கமாயன் வந்து கேட்டுவிட்டு வேர்த்துப்போய் எழுந்தார். ஓய்வு பெற்ற கண்டக்டர் மயில்வாகனம் பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் "எனக்குச் சீனி வேணாம்" என்று சொல்லியிருக்கிறார், இவர் பதினோரு வருஷமாகத் தினமும் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் சீனியில்லாத டீயை இரண்டு கையாலும் நீட்டினார். கண்டக்டர் குடித்துவிட்டு, "புதுக் கடையா?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்குள் பதில்கள் நடமாட ஆரம்பித்தன. யாராவது யார் வீட்டுக் கதவையாவது தட்டி, "முந்தின தீபாவளிக்குக் கேட்டியே, ஆமா, எனக்கும் மனசு சரியில்லாமத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "சூடா இருக்குன்னு நீ சொன்னது நெசம்தான், நாக்கு வெந்துருச்சு" என்று ஒருவர் ஆறு வருஷம் கழித்து மனைவியிடம் ஒத்துக்கொண்டார். கேள்வியை மறந்துபோனவர்களும் பதிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் என் ஆடியோ ஆறாவது நிமிடத்திலேயே நின்றது. கம்பெனி கொடுத்த பக்கத்தில் மட்டும்தான் அது திறக்கும், போனில் திறக்காது. சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பேன், வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்ப்பேன், மறுபடி காலண்டரைப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை வார்டு மெம்பர் சோலையம்மா வந்தார். தெருக்குழாய் ஒழுகுவதைப் பற்றி நாங்கள் சொன்னதெல்லாம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுந்து, வாசலில் இருந்தவர்களிடம், "குழாயை இன்னைக்கே ஆளை விட்டுப் பாக்கச் சொல்றேன். ஆனா ஒண்ணு, இந்த ஓட்டையை யாரும் ரிப்பேர் பண்ணக்கூடாது" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க மதினி. நாளைக்கு டேவிட் அண்ணன் வர்றாரு. அஞ்சு மணிக்குள்ள நான் ஆடியோவை முடிச்சுக் கொடுக்கணும்."

"கொடுக்காட்டி?"

"வேன் ஏறணும்."

"ஏறுனா என்ன? இங்க உக்காந்திருக்கவ எல்லாரும் ஏறுறவதானே?"

அவர் சொன்னதும் உண்மைதான். கனி என் கால்மாட்டில் உட்கார்ந்து மோர்ச் சொம்பின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மாரக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏறுறவளுக்குத்தான் தெரியும் மெம்பரே, ஏறாம இருக்குறது எம்புட்டுன்னு" என்றாள். "அவ புள்ளையை வச்சுத் தூங்க வச்சவ நானு. அவ போன பின்னாடி முழிச்சு வாசலைப் பாக்கும். அழாது, பாக்கும். ரிப்பேர் பண்ணட்டும். நம்ம வேணா இனிமே கேட்டுப் பழகுவோம்."

சோலையம்மா மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். குழாய் மட்டும் அன்றைக்கே சரியானது.

எல்லாரும் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கனியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். நாளைக்கு ஓட்டை சரியாகிவிடும். அதற்கு முன்னால், எட்டு மாதத்தில் என் முதுகுக்குப் பின்னால் இந்தப் பிள்ளை ஏதாவது பேசியிருந்தால், ஒரு சொல்லாவது என் காதில் விழாமல் போயிருந்தால், அதைக் கேட்டுவிட வேண்டும். அம்மா வந்தாள், வீரணன் வந்தார், கேஸ்காரர் வந்தார். ஒவ்வொருவரையும் போகவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் வேறு மாதிரி ஒரு அமைதி வந்தது. அதற்குள் எங்கள் வீட்டு மின்விசிறி ஓடியது, என் விசைப்பலகை தட்டியது, மிகக் கிட்டத்தில் ஒரு சின்ன மூச்சு. மூச்சுக்கு நடுவே, மீன் தண்ணீரில் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி, ப்... ப்... என்று ஈரமாக ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி மின்விசிறி, மறுபடி மூச்சு, மறுபடி ப்... ப்... நாள் நாளாக, மாதம் மாதமாக அதுவேதான் வந்தது. ஒரு சொல் இல்லை.

பிள்ளை எனக்கு எதுவும் சொன்னதே இல்லை. ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் கையை மேலே தூக்கி என் சடையைத் தொட்டுப் பார்த்தாள். அழுதால் பயந்துவிடுவாள் என்று முட்டைகளில் இரண்டை எடுத்து ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன், நானும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு டேவிட் அண்ணன் வந்தார், கல்யாண வீட்டு ஜவ்வாது வாசனையோடு. ஊரே வாசலில் நின்றது. ஹெட்போனை மாட்டினார், கேட்டார். கொஞ்ச நேரத்தில் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றது.

"என்னண்ணே?" என்றேன்.

"கல்யாணத்துல எம் பொஞ்சாதி சாப்புட வாங்கன்னு மூணு தடவ கூப்புட்டிருக்கா. நான் மச்சினன் மோட்டாரைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கேன். அவளும் சாப்பிடாம இருந்திருக்கா." கழற்றி வைத்தார். "சரி, நீ என்னென்ன பார்த்த?"

பின்னைத் துடைத்ததிலிருந்து எறும்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பின்பக்கம் பார்த்தியா?"

"எந்தப் பின்பக்கம்?"

"பெட்டிக்குப் பின்னாடி இன்னொரு பச்சை ஓட்டை இருக்கும் தங்கச்சி. முன்னாடி இருக்கறதுக்கு உள்ள ஒரு வயர் தனியா வருது, அது ஆடுனாக் கோளாறு. பின்னாடி இருக்கறது நேரா போர்டுலயே இருக்கு. அது சாமானியத்துல கெடாது."

எட்டு மாதமாக அந்தப் பெட்டியின் முதுகை நான் பார்த்ததே இல்லை. நாலு நாளாக வந்து கேட்ட அத்தனை பேரும் பார்க்கவில்லை. மாரக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மில்லில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு வந்திருந்த வீரணன், "முன்னாடி ஒண்ணு கெட்டா பின்னாடி போய்ப் பாக்கணும்னு மில்லுல இத்தனை வருஷமா மிஷினுக்குச் செய்யிறோம், வீட்டுல தோணல பாரு" என்றார்.

ஆனால் ஹெட்போன் வயர் இரண்டு முழம்தான். சுவரை ஒட்டி நிற்கிற பெட்டியைச் சுற்றிக்கொண்டு அது வராது. டேவிட் அண்ணன் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மேஜையைத் திருப்பிப் போடு" என்றார். நாலு பேர் பிடித்து மேஜையை இழுத்து நடுவீட்டில் போட்டு, பெட்டியைத் தூக்கி மேலே வைத்து, அதன் முதுகு என் பக்கமும் முகம் வாசல் பக்கமுமாகத் திருப்பினார்கள். நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்பக்கத்துப் பச்சை ஓட்டையில் சொருகினேன். ஏழாவது நிமிடத்திலிருந்து அதிகாரி தென்னைக்கு உரம் வைக்க ஆரம்பித்தார், இரண்டு காதிலும்.

முன் ஓட்டையை என்ன செய்ய என்று டேவிட் அண்ணன் கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். சோலையம்மா முகம் என்ன கேட்கிறதென்று எனக்குத் தெரியாதா என்ன. "அது பாட்டுக்கு இருக்கட்டும்ணே" என்றேன். அப்படியே விட்டுவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் பெண்டாட்டியைப் பார்க்கப் போனார். மாரக்கா தன் மகனுடைய ஹெட்போனைக் கொண்டுவந்து முன்பக்கம் சொருகிக்கொண்டாள். ஒரே பெட்டிக்கு இந்தப் பக்கம் நான் தென்னை, கத்தரி, தக்காளி என்று அடித்தேன், அந்தப் பக்கம் ஊர் உட்கார்ந்து கேட்டது. மணி மூன்றானது, நாலானது. இரண்டாவது ஷிப்ட் வேன் வந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டில் நானும் கனியும் மட்டும்.

நாலே காலுக்குக் கடைசிப் பகுதி. தக்காளிச் செடியில் இலை சுருளுகிறது என்று ஒரு அம்மா கேட்கிறார். நான் அடித்துக்கொண்டே மானிட்டருக்கு மேலே பார்வையை உயர்த்தினேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வேலை செய்யும்போது என் மகளை நேருக்கு நேராகப் பார்க்கிறேன். பாயிலிருந்து எழுந்து மேஜைக்கு எதிரில் வந்து நின்றிருந்தாள், முகவாய் மேஜை விளிம்புக்கு மேலே. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

ப்... என்று மூடித் திறந்தது. நாக்கு மேலே போய் வந்தது.

ஆறு வருஷம் மில்லில் உதடு படித்தவள் நான். பத்து மிஷினுக்கு அப்பால் நிற்கிறவளைப் படிப்பேன், பஞ்சு பறக்கிற காற்றில் படிப்பேன். மூன்றடி தூரத்தில் நிற்கிற என் பிள்ளையைப் படிக்க எனக்கு ஒரு நொடி ஆகவில்லை.

'பஞ்சு இல்ல' என்றாள் கனி.

மறுபடி என் தலையைப் பார்த்தாள், வலப்பக்கம், இடப்பக்கம், வகிடு. மறுபடி உதடு அசைந்தது. 'அம்மா, பஞ்சு இல்ல.'

என் கை விசைப்பலகையில் நின்றுபோனது. எட்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சடையைத் தொட்டுப் பார்த்து, பஞ்சு இல்லையென்று தெரிந்துகொண்டு, அம்மா இன்றைக்கும் வேன் ஏறவில்லை என்று எனக்கே தினம் தினம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் பேசுவதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது, சத்தம் இல்லாமல், நானும் மாரக்காவும் பேசுகிற மாதிரி, நான் பாதி திரும்பி 'இரும்மா' என்கிற மாதிரி. என் பேச்சைத்தான் அவள் கற்றிருக்கிறாள். நான்தான் முகத்தைக் காட்டவில்லை.

ஆடியோவை நிறுத்தினேன். நானும் உதட்டை மட்டும் அசைத்து, 'இல்லடி தங்கம், பஞ்சு இல்ல' என்றேன்.

அவள் கண் விரிந்தது. அத்தனை நாள் சொன்னதற்கு முதல் பதில். மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, நாற்காலிக் கம்பியில் கால் வைத்து என் மேல் ஏறி, தலையை இரண்டு கையாலும் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஹெட்போனின் வலது பக்கத்தை ஒரு விரலால் தூக்கினேன். "இங்க சொல்லு" என்றேன் சத்தமாக. "அம்மாவுக்குக் காது இங்க இருக்கு."

அவள் யோசித்தாள். வாயை என் காதில் வைத்து, மூச்சு முழுவதையும் உள்ளே ஊதி, அப்புறம் அதில் கொஞ்சத்தைக் குரலாக்கினாள்.

"பஞ்சு இல்ல."

அவள் என் மடியிலேயே உட்கார்ந்திருக்க, ஒரு காதில் தக்காளியும் ஒரு காதில் அவளுமாக மீதியை அடித்து முடித்தேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். இரவு வந்த வீரணனிடம் அவள் அதையே மூன்று தடவை சொன்னாள். அவர் போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று தடவையும் கேட்டார்.

முன் ஓட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போகப் போகக் குரல் குறைந்துகொண்டே வந்தது. இப்போது யாராவது மாட்டினால் இரண்டு மூன்று சொல் வரும், மற்றபடி மின்விசிறிச் சத்தம்தான். ஊரில் தரையில் விழுகிற பேச்சு குறைந்துவிட்டது போலிருக்கிறது. வேன் டிரைவரும் என் வீட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதில்லை.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையே அபிநயா மேடம் போன் செய்தார்.

"வாழ்த்துக்கள் நாகஜோதி, உங்களை எடுத்துக்கிட்டாங்க. வேலை சுத்தமா இருக்கு. ஆனா பதினாலாவது பக்கத்துல ஒரு சந்தேகம். தக்காளி இலைச் சுருட்டைக்கு நடுவுல 'பஞ்சு இல்ல'ன்னு ஒரு வரி இருக்கே. ஆடியோவுல நாலு தடவ தேடிட்டேன், கிடைக்கல."

நான் தேடவில்லை. என் கை எப்போது அதை அடித்தது என்று எனக்கே தெரியாது, ஆனால் எதற்கு அடித்தது என்று தெரியும்.

"அது என் காதுல விழுந்துச்சு மேடம்" என்றேன். "விழுறதை அடிங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."